எலி தின்ற நாயும் வீட்டாரும்



அறுவடைக் காலத்தில் வரப்பு வளையிலிருந்து ஓடும் எலியை வீட்டு நாய் கவ்விக்கொண்டு வருவதைக் கிராமத்தில் வளர்ந்த யாவரும் கண்டிருப்போம். "கெட்டிக்கார நாய்" என்று மெச்சிக்கொள்வதும் உண்டு. அந்த எலியால் நாய்க்கும், நாயோடு வாழும் நமக்கும் என்ன தீங்கு வரக்கூடும் என்பதை இந்தச் சுகாதாரப் பாடத்தில் படிப்போம்.

அநேகர் முதலில் கேட்பது வெறிநோயைப் பற்றித்தான். எலி, அணில் போன்ற சிறு பிராணிகளிடம் அந்நோய் காணப்படுவது மிக அரிது. (அதற்காக நாய்க்கு வருடந்தோறும் போடும் வெறிநோய்த் தடுப்பூசியை விட்டுவிடலாகாது.) நாம் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு: எலியின் வயிற்றிலுள்ள விஷம், அதன் சிறுநீரிலுள்ள கிருமி.

ஓடிய எலியைவிட, தள்ளாடியோ செத்தோ கிடந்த எலியே விஷம் தின்றதாக இருக்கக்கூடும். வயல்களில் வைக்கும் ஜிங்க் பாஸ்பைடு என்னும் கருஞ்சாம்பல் நிறப் பொடி, வயிற்று அமிலத்தோடு சேர்ந்ததும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாகிறது. சில மணி நேரத்திலேயே நாய் வாந்தியெடுக்கும், மூச்சுத் திணறும். பாவம் என்று சோறோ பாலோ ஊட்டுவது நம் வழக்கம். உணவு உட்சென்றால் அமிலம் அதிகமாகச் சுரக்கும், வாயுவும் அதிகமாகும். ஆகையால் ஒன்றும் கொடுக்காதிருங்கள். வாந்தியிலிருந்தும் இந்த வாயு எழும்பும். அடைத்த அறையில் பிள்ளைகள் நாயைச் சூழ்ந்து உட்கார வேண்டாம். வெளியே காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கட்டியாக விற்கும் புரோமாடியோலோன் வேறு விதம். அது இரத்தம் உறையவிடாது. சில நாட்கள் நாய் நன்றாகவே இருக்கும். பின்பு ஈறு வெளுத்து, மூக்கிலோ மலத்திலோ இரத்தம் காணும். ஓர் எலியிலிருந்து சேரும் விஷம் சொற்பமே. அடிக்கடி எலி தின்னும் நாய்க்கே ஆபத்து அதிகம். வைட்டமின் கே1 இதற்கு மாற்று மருந்து. வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது அந்தக் கிருமிதான். லெப்டோஸ்பைரா என்னும் அது, எலிக்குச் சுகவீனம் எதுவும் தராமல் அதன் சிறுநீரகத்தில் தங்கியிருக்கும். எலியைத் தின்ற நாயையும் அது பற்றலாம். சில நாய்களுக்குக் காய்ச்சலும் காமாலையும் வரும். சிலவற்றுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, ஆனாலும் சிறுநீரில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். பித்தவெடிப்புள்ள வெறுங்காலோடு அந்த முற்றத்தைக் கழுவுகிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் பத்து லட்சம் பேருக்கு இந்த எலிக்காய்ச்சல் வருகிறது என்றும், ஏறக்குறைய 59,000 பேர் மரிக்கிறார்கள் என்றும் 2015-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

கிருமி உட்புகுந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் கடுங்காய்ச்சல், தலைவலி, தொட்டாலே நோகும் கெண்டைக்கால், சிவந்த கண்கள் ஆகியவை தோன்றும். துவக்கத்திலேயே வந்தால் டாக்சிசைக்ளின், பெனிசிலின் போன்ற விலை குறைந்த மருந்துகளால் குணமாக்கலாம். கடை மாத்திரையில் நாட்களைக் கழித்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்தபின் வந்தால் டயாலிசிஸ் வரை போக நேரிடும்.

நாய்க்கு இந்நோய்க்கெனத் தடுப்பூசி உண்டு. வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். எலிவழியாகக் குடற்புழுவும் வருவதால், புழு மருந்தையும் அப்பொழுதே கேட்டு வாங்குங்கள். செத்த எலியை வெறுங்கையால் எடுக்காமல், பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், "எங்கள் நாய் எலி பிடிக்கும்" என்று மருத்துவர் கேட்குமுன்னே சொல்லிவிடுங்கள்.