ஏர்பிரஷ் மேக்கப் கிட்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வேலைக்குப் போய்க்கொண்டே முகூர்த்த நாட்களில் பிரைடல் மேக்கப் செய்து இரண்டாவது வருமானம் பார்க்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. "ஏர்பிரஷ் கிட் வாங்கலாமா? இஎம்ஐ போடலாமா?" என்பதுதான் உங்க அடுத்த கேள்வி. செலவுக் கணக்கோடு பார்ப்போம்.

மெஷினில் என்ன பார்க்கணும்?

கிட்டில் முக்கியமானவை இரண்டு: காற்று தரும் கம்ப்ரஸர், ஃபவுண்டேஷனைத் தூவும் கன். முகத்துக்குப் பெரும்பாலும் 5 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தமே போதும். அதனால் "பவர் அதிகம்" என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீங்க. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியுதா, ரொம்ப நேரம் ஓடினா சூடாகுதா என்று பாருங்க. டூயல் ஆக்ஷன் கன்னில் டிரிகரை அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் ஃபவுண்டேஷன் வரும். பழக நாளாகும், ஆனால் அளவு உங்க விரலில் இருக்கும். ஊசியும் நாஸிலும் தனியாகக் கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்க. ஊசி வளைஞ்சா மொத்த கிட்டும் வீண் என்றால், அது மலிவான கிட் இல்லை.

ஃபவுண்டேஷன்தான் தொடர் செலவு

மெஷின் ஒருமுறை செலவு. ஃபவுண்டேஷன் ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் வரும் செலவு. வாட்டர் பேஸ் லேசானது, கன்னைக் கழுவுவதும் சுலபம். சிலிக்கான் பேஸ் வியர்வையை நன்றாகத் தாங்கும். ஹோமப் புகையும் மண்டபப் புழுக்கமும் உள்ள நம்ம கல்யாணங்களுக்கு ஏற்றது. ஆனால் அதற்கான கிளீனரையும் செலவில் சேர்க்கணும். சாதாரண லிக்விட் ஃபவுண்டேஷனை அப்படியே ஊற்றினால் நாஸில் அடைத்துக்கொள்ளும்.

சில மெஷின்களில் அந்தக் கம்பெனியின் கார்ட்ரிட்ஜ் மட்டுமே பொருந்தும். பிரிண்டர் விலை குறைவு, இங்க் விலை அதிகம் என்கிற அதே கதைதான்.

எல்லா ஷேடும் வாங்க வேண்டாம். சில அடிப்படை ஷேடுகளைக் கலந்து, தாடை ஓரத்தில் பகல் வெளிச்சத்தில் சரிபார்க்கலாம். பாட்டிலில் திறந்த டப்பா படமும் 12எம் என்றும் இருந்தால், திறந்த பிறகு 12 மாதம்தான் ஆயுள். பெரிய பாட்டில் எப்போதும் லாபம் இல்லை.

இப்போ கணக்கு

உதாரணத்துக்கு கிட் விலை 30,000 ரூபாய். ஏர்பிரஷ்ஷுக்காக ஒரு மணப்பெண்ணிடம் கூடுதலாக 2,500 வாங்குறீங்க. ஃபவுண்டேஷன், கிளீனர் செலவு 500. கையில் நிற்பது 2,000. அப்போ போட்ட பணம் திரும்ப 15 புக்கிங் வேணும். வருஷத்துக்கு 10 புக்கிங்தான் என்றால், 12 மாத இஎம்ஐ முடியும்போது 10,000 ரூபாய் உங்க சம்பளத்திலிருந்து போயிருக்கும். வட்டியும் பிராசஸிங் கட்டணமும் தனி.

இன்னொன்று. கல்யாணத்துக்கு ஆடி, மார்கழி உண்டு, இஎம்ஐக்குக் கிடையாது. முகூர்த்தம் வார நாளில் வந்தால் லீவும் போகும், சம்பளம் பிடித்தால் அதையும் கழிக்கணும்.

அதனால், முதலில் சாதாரண மேக்கப் வருமானத்தில் ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒரு தொகையை ஆர்டியிலோ தனி சேமிப்புக் கணக்கிலோ போடுங்க. எத்தனை பேர் ஏர்பிரஷ் கேட்கிறாங்க என்று ஒரு நோட்டில் குறிச்சு வையுங்க. பணமும் தேவையும் சேர்ந்த பிறகு, கடனில்லாமல் வாங்குங்க. பில்களைப் பத்திரப்படுத்துங்க, இந்தத் தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-1 படிவம் பொருந்தாது.

உங்க புக்கிங் எண்ணிக்கையைக் கமெண்டில் சொல்லுங்க, உங்க கணக்கையும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.