வானத்துச் சுவடிகள்

புறநானூற்றிலே கூடலூர் கிழார் பாடிய செய்யுள் ஒன்று உளது. பங்குனித் திங்களின் முற்பாதியில், ஒரு நள்ளிரவில், எந்த மீன் உச்சியினின்று சாய்ந்தது, எது கீழ்வானில் எழுந்தது, எது மேல்வானில் மறைந்தது என்பவற்றை முறையாகச் சொல்லி, அவ்வேளையில் விண்ணினின்று ஒளிவிட்டு வீழ்ந்த மீன் ஒன்றையும் அப்புலவர் குறிக்கின்றார். அதற்கு ஏழாம் நாள் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேரமன்னன் இறந்தான். மீன் வீழ்ந்தமைக்கும் மன்னன் மாய்ந்தமைக்கும் தொடர்பு உண்டென்று இன்று நாம் கொள்வதில்லை. ஆயினும் அந்த இரவில் வானம் எங்ஙனம் இருந்தது என்பதை அச்செய்யுளிலிருந்து இன்றும் அறிகின்றோம். புலவர் தாம் கண்டதை வழுவாது எழுதி வைத்தமையே அதற்குக் காரணம்.

இச்செய்யுளைக் கற்பிக்குந்தோறும், வானநூல் பயில்வதற்கு நம் ஊரில் என்ன வசதி உண்டென்று மாணாக்கருள் யாரேனும் ஒருவர் வினவுவதுண்டு. மலைமுடியிலே பெருந்தொலைநோக்கி அமைத்த நாட்டாருக்கே அக்கல்வி உரியதென்றும், நமக்குப் பஞ்சாங்கம் பார்ப்பதொன்றே எஞ்சியதென்றும் அவர்கள் எண்ணுகின்றனர். பாடவேளையில் இதற்கு முழு விடை கூற நேரம் போதாது. ஆதலின் இம்மலரில் எழுதலாயினேன்.

யாழ்ப்பாணத்துக்கு வானநூல் புதிதன்று. உள்ளமுடையான் என்னும் தமிழ்க் கணித நூலை ஹொய்சிங்டன் என்ற அமெரிக்க மிஷனரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1848ஆம் ஆண்டில் இங்கேயே அச்சிட்டு வெளியிட்டார். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அலன் ஆபிரகாம், 1910ஆம் ஆண்டில் தோன்றிய ஹலி வால்வெள்ளியை ஆராய்ந்து புகழ்பெற்றவர். இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினருமாவார். அவர் வானத்தை நேரே நோக்கினார். இற்றை நாளில் விண்மீன் ஆராய்வோர் பலர் தாம் ஆராயும் மீனைத் தம் கண்ணால் ஒருநாளும் பார்த்தவரல்லர். இதுவே நம் மாணாக்கர் முதலில் அறிய வேண்டிய செய்தி.

கண்ணுக்குப் புலனாகும் ஒளி, விண்மீன்கள் வீசும் கதிர்களில் ஒரு சிறு பகுதியே. எக்ஸ் கதிர்களையும் கழியூதாக் கதிர்களின் பெரும்பகுதியையும் நம் வளிமண்டலம் தடுத்துவிடுகின்றது. (தமிழகத்தார் புற ஊதா என்பதும் நாம் கழியூதா என்பதும் ஒன்றே.) நாம் உயிர்வாழ்வதற்கு அத்தடை வேண்டும், வானநூலார்க்கோ அது ஒரு திரை. ஆதலின் அவதான நிலையத்தையே செய்மதியாக்கி, வளிமண்டலத்துக்கு மேலே சுற்ற விட்டனர். அது திரட்டியவை எண்களாக மாறி வானொலி அலைவழியே பூமியை அடைகின்றன. அவ்வெண்களைத் தரவு என்கிறோம். அவதானிப்புக்கு நேரம் கேட்டுப் பெற்ற ஆய்வாளருக்குப் பெரும்பாலும் ஓராண்டுக் காலம் அத்தரவு உரியது. அதன்பின் உலகில் யாவருக்கும் பொதுவாகின்றது.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றினார். அதில் ஒரு பாட்டேனும் அவர் எழுதியதன்று. பண்டு எவரோ எழுதிய ஏடுகளைத் தேடியெடுத்து, செல்லரித்த இடம் யாது, எழுதினோன் பிழை யாது, மூலபாடம் யாது என்று பகுத்துணர்ந்ததே அவர் தொழில். தரவாராய்ச்சியும் ஏறக்குறைய அத்தகையதே என்பது என் துணிபு. தொலைநோக்கி ஏடு எழுதித் தருகின்றது. கருவியின் இரைச்சலும், குறுக்கே பாய்ந்த அண்டக்கதிரின் கீறலும் ஏட்டின் சிதைவுகள். அவற்றை நீக்கிப் பாடம் காண்பதற்கு ஒருவர் வேண்டும். அவர் எந்த ஊரில் இருப்பினும் குற்றமில்லை.

நம் அயல்நாட்டிலே நிகழ்ந்த ஓர் உதாரணத்தைச் சற்று விரித்துரைப்பேன். இந்தியாவின் அஸ்ட்ரோசாட் என்னும் செய்மதி 2015 செப்டெம்பர் 28ஆந் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. நிறை 1,515 கிலோகிராம். சுற்றும் உயரம் 650 கிலோமீற்றர். ஐந்தாண்டு உழைக்குமென்று கணித்து அனுப்பியது பத்தாண்டையும் கடந்தது. அதிலுள்ள கழியூதாத் தொலைநோக்கி இரட்டையாய் அமைந்தது. ஒவ்வொன்றின் ஆடியும் ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர் விட்டமுடையது. நம் வீட்டுச் சுளகைவிடப் பெரிதன்று. அமெரிக்கரின் ஹபிள் தொலைநோக்கிக்கோ 2.4 மீற்றர் ஆடி.

ஹபிள் முன்னரே நெடுநேரம் உற்றுநோக்கியிருந்த தென்வானத்துச் சிறு துண்டு ஒன்றை, 2016 ஒக்டோபரில் அஸ்ட்ரோசாட் 28 மணித்தியாலத்துக்கு மேல் நோக்கிற்று. அத்தரவைப் பூனா நகரிலுள்ள வானியல் மையமொன்றைச் சேர்ந்த கனக் சாஹாவும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர். அங்கே ஒரு பேரடையிலிருந்து மிக மங்கலாய்க் கழியூதாக் கதிர் வரக் கண்டனர். (கோடானுகோடி விண்மீன்கள் ஈர்ப்பினாற் கூடிய திரளே பேரடை, நாம் வாழும் பால்வீதியும் அவற்றுள் ஒன்று.) அக்கதிர் உண்மையாகவே அப்பேரடையினுடையதா, அருகிலுள்ள வேறொரு பொருளினுடையதா, வெறும் இரைச்சலா என்று தெளிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. நோக்கியது ஒரு நாட்பொழுதிலும் சிறிதே மிகுதி, படித்தது இரண்டாண்டு! 2020 ஓகஸ்டில் 'நேச்சர் அஸ்ட்ரோனமி' என்னும் இதழில் முடிவு வெளியாயிற்று.

அப்பேரடையின் தொலைவு 930 கோடி ஒளியாண்டு. அவ்வொளி புறப்பட்ட காலத்தில், ஏறத்தாழ 450 கோடி ஆண்டு வயதினதாகிய நம் பூமி தோன்றவேயில்லை. பிரபஞ்சம் விரிந்துகொண்டிருப்பதால் ஒளியின் அலைநீளமும் வழியிலே நீள்கின்றது. இப்பேரடைக்கு அந்நீட்சி 2.42 மடங்கு. எனவே 60 நானோமீற்றராய்ப் புறப்பட்ட அலை, அறுபதை 2.42 ஆற் பெருக்க வரும் 145 நானோமீற்றராய் வந்து சேர்ந்தது. அது அஸ்ட்ரோசாட்டின் பார்வைக்குள் அடங்குவது. உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு இதிற் கடினமான கணிதம் யாதுமில்லை.

வியப்பு வேறிடத்தில் உளது. 91.2 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுடைய கதிரை ஐதரசன் வாயு விழுங்கிவிடும். பேரடைகளிலோ ஐதரசன் மலிந்து கிடக்கின்றது. அத்தனையையும் ஊடறுத்து 60 நானோமீற்றர்க் கதிர் வெளியேறியது எங்ஙனம்? பிரபஞ்சத்தின் இளமையில் எங்கும் பரந்திருந்த ஐதரசனைச் சிதைத்து, அக்கால இருளை நீக்கியவை இத்தகைய கதிர்களே என்று கருதப்படுகின்றது. ஆதலின் இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பலர். ஹபிள் காணாததைச் சிறிய தொலைநோக்கி கண்டதற்குக் காரணம், அதன் கருவியின் இரைச்சல் மிகக் குறைவாயிருந்தமையே. தெளிவான ஏடு கிடைத்தால் உரைகாண்பது எளிதன்றோ!

தமிழர் பெயரோடு தொடர்புடைய அவதான நிலையம் ஒன்றும் உண்டு. 1999 ஜூலை 23ஆந் திகதி அமெரிக்கர் ஏவிய சந்திரா எக்ஸ்கதிர் அவதான நிலையம், சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. அவர் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர். (இந்துக் கல்லூரியின் மலரிலே இதைச் சொல்லாது விடல் எனக்கு இயலாது.) 1930ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலே தாளும் எழுதுகோலும் கொண்டு அவர் கணித்தது பிற்காலத்தில் சந்திரசேகர் எல்லை எனப் பெயர் பெற்றது. எரிபொருள் தீர்ந்து வெண்குறளாய் ஒடுங்கும் விண்மீன், சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுடையதாயின் அந்நிலையில் நிற்கமாட்டாது என்பதே அதன் சாரம். 1935இல் எடிங்டன் என்னும் பேரறிஞர் அதனை அவையறிய எள்ளினார். 1983இல் நோபல் பரிசு வந்தது.

சுவடி அழிந்தால் என் செய்வது என்று நம்மவர் கேட்பது இயல்பே. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. அந்த நினைவு உடையோர்க்கு, ஹபிளின் தரவு அமெரிக்காவிலும், கனடாவிலும், ஸ்பானியாவிலும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கின்றது என்னும் செய்தி சிறிதாகத் தோன்றாது. அஸ்ட்ரோசாட்டின் தரவுக் களஞ்சியமும் 2018 செப்டெம்பரிலே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இவற்றைப் படிப்பதற்குக் கணினியும் இணைய இணைப்பும் போதும் என்று சொல்லிவிட்டால் அது பாதி உண்மை. ஆங்கிலம் வேண்டும், புள்ளிவிவரக் கணிதம் வேண்டும், கணினிக்கு நிரல் எழுதவும் பழக வேண்டும். முதல் மூன்று மாதங்கள் எண்களும் கறுப்புப் படங்களுமே காட்சி தரும். தமிழிற் கலைச்சொற்களும் இன்னும் நிலைபெறவில்லை. அது எம்மனோர் செய்ய வேண்டிய பணி.

தொடங்க விரும்பும் மாணாக்கர், காசியோப்பியா உடுத்தொகுதியிலே வெடித்துச் சிதறிய விண்மீன் ஒன்றின் எச்சத்தைச் சந்திரா எடுத்த படங்களைத் தேடிப் பெறுக. அது ஏறத்தாழ 11,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 2000ஆம் ஆண்டுப் படத்தையும் 2019ஆம் ஆண்டுப் படத்தையும் அளவொத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எச்சத்தின் விளிம்பு வெளிநோக்கி நகர்ந்திருப்பது கண்ணுக்கே புலப்படும். நகர்ச்சியை அளந்து, ஆண்டுகளால் வகுத்து, தொலைவோடு சேர்த்துக் கணித்தால் வேகம் வரும். விடை செக்கனுக்குச் சில ஆயிரம் கிலோமீற்றராய் வராவிடின், கணக்கை மீண்டும் ஒருமுறை பார்க்க.