பூசணியில் பெண் பூ உருவாகும் விதம்

பூசணிக் கொடியில் பூ நிறைய இருந்தும் காய் பிடிக்கவில்லை என்று விவசாயிகள் குறைப்படுவதுண்டு. முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை உதிர்வது இயற்கை. பெண் பூவின் அடியில் சிறு உருண்டை ஒன்று இருக்கும். அதுவே சூலகம். அதனுள் உள்ள சூல்கள் கருவுற்று விதைகளாகும், சூலகம் காயாகும்.

மிக இளம் மொட்டில் ஆண், பெண் ஆகிய இரு உறுப்புகளின் தொடக்கமும் இருக்கும். பிறகு ஒன்று வளர, மற்றது நின்றுவிடும். இதைப் பெரிதும் தீர்மானிப்பது செடிக்குள் உண்டாகும் எத்திலீன். அது மிகுந்தால் மகரந்தத் தாள்களின் வளர்ச்சி நின்று சூலகம் வளரும். கடும் வெப்பமும் நீண்ட பகலும் ஆண் பூக்களைப் பெருக்கும். தழைச்சத்தை அள்ளிப் போட்டாலோ கொடிதான் ஓடும்!

செடிக்குள் எத்திலீனைக் கூட்டுவதற்கே எத்ரல் தெளிக்கப்படுகிறது. 10 லிட்டர் நீருக்கு 2.5 மி.லி. வீதம் கலந்து, விதைத்த 10 முதல் 15 நாட்களில் தொடங்கி வாரம் ஒரு முறையாக 4 முறை தெளிக்க வேண்டும். பூத்த பின் தெளித்துவிட்டு மருந்தைக் குறை கூறுவதில் பயனில்லை. அந்தப் பூக்கள் ஆணா பெண்ணா என்பது மொட்டிலேயே முடிவாகியிருக்கும்.

பெண் பூ விடியற்காலையில் மலர்ந்து முற்பகலுக்குள் மூடிக்கொள்ளும். அதற்குள் தேனீக்கள் மகரந்தம் கொண்டு வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். எனவே காலையில் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. தேனீ குறைந்த தோட்டங்களில், அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவிவிடலாம்.