நிலையைக் குத்திப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன் கட்டிய வீட்டில் ஜன்னல் மாற்ற வேண்டும் என்றால் உடனே யுபிவிசி கடைக்காரரைக் கூப்பிடுகிறோம். அதற்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வீட்டைச் சுற்றி வாருங்கள்.

நிலையின் கீழ்க்கட்டையையும் மூலைகளையும் முனையால் அழுத்திக் குத்துங்கள். மழைத்தண்ணீர் தேங்குவதும் கரையான் ஏறுவதும் பெரும்பாலும் அங்கேதான். முனை இறங்காமல், தட்டினால் கெட்டியான சத்தம் வந்தால் நிலை நன்றாக இருக்கிறது. பெயின்ட் உரிந்ததையும் கதவு இறுகுவதையும் பார்த்து மரமே போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். தேக்காக இருந்தால் ஆசாரியை விட்டுக் கதவை இழைத்து, கீலை மாற்றினால் போதும். அதே மாதிரித் தேக்கை இன்று மரக்கடையில் விலை கேட்டுப் பாருங்கள், புரியும்.

நிலை உளுத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய ஜன்னலில் இரும்புக் கம்பிகள் நிலையிலேயே செருகியிருக்கும்; அது போனால் கம்பியும் போகும். எனவே கிரில் செலவையும் கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் லிண்டல் இல்லாமல் செங்கல் வளைவோ மரக்கட்டையோ இருந்தால், முட்டுக் கொடுக்காமல் நிலையைப் பெயர்க்க விடாதீர்கள். இதைக் கொத்தனார்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், ஜன்னல் விற்பவர் அல்ல.

பழைய சுவரில் திறப்பு நேராக இருக்காது. அகலத்தை மேல், நடு, கீழ் என்றும், உயரத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அளந்து, குறைந்த அளவையே கணக்கில் எடுங்கள்.

கடைகளில் முதலில் காட்டுவது ஸ்லைடிங். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் ஒரு சமயத்தில் பாதிதான் திறக்கும். நாலடி ஜன்னலில் காற்றுக்குக் கிடைப்பது இரண்டடி. முழுக்கத் திறந்து பழகிய வீட்டில் இது பெரிய நஷ்டம். படுக்கையறைக்குக் கீல் வைத்துத் திறக்கும் கதவையே கேளுங்கள். வெளியே கதவு விரிய இடமில்லாத சந்துப் பக்கத்துக்கு ஸ்லைடிங் சரி. வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்றால் கிரில் உள்ளே வரும். கைப்பிடியைத் திருப்பக் கம்பிகளுக்கு நடுவே கை நுழைகிறதா, கொசுவலை எங்கே உட்காரும் என்று முன்பே பேசிவிடுங்கள்.

கடலோர உப்புக்காற்றில் யுபிவிசி துருப்பிடிக்காது. ஆனால் அதன் உள்ளே பலத்துக்கு வைக்கும் இரும்புச் சட்டத்தில் சிலர் மிச்சம் பிடிப்பார்கள். வெட்டிய துண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, கால்வனைஸ் செய்த சட்டம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். யுபிவிசிக்குப் பதில் அலுமினிய ஜன்னல் எடுத்தால் பவுடர் கோட்டிங் கேளுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடிக்கும் பக்கம், சன்ஷேடு குட்டையாக இருந்தால், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிப்புறம் சிலிக்கான் இடைவெளியின்றி ஓடியிருக்க வேண்டும். ஸ்லைடிங் என்றால் கடைசித் தவணை கொடுக்கும் முன் கீழ்த்தடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். தடத்தில் உள்ள வடிகால் துளை வழியே வெளியே வடிந்தால் பணத்தைக் கொடுங்கள்.