அஞ்சியவர்க்கு அளிக்கும் சொல்

தானங்கள் நான்கு என்று நம் முன்னோர் வகுத்தனர். பசித்தவர்க்கு உணவு, பிணியுற்றவர்க்கு மருந்து, கற்க விழைவோர்க்கு நூல், அஞ்சியவர்க்கு அபயம். இவற்றுள் முதல் மூன்றையும் நம் இல்லத்தார் அறிந்தே செய்து வருகின்றனர். அபயதானம் என்ற அளவில், அஃது அரசர்க்கும் பெரும்பள்ளிகட்கும் உரியது போலும் என்று விலகி நிற்கின்றோம். பண்டு தமிழகத்தில் சமணப் பள்ளிகளை அடுத்து 'அஞ்சினான் புகலிடம்' என்னும் இடங்கள் இருந்தன. கல்வெட்டுகள் அவற்றைக் குறிக்கின்றன. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 'சமணமும் தமிழும்' என்ற நூலில் அவற்றை எடுத்துக்காட்டி, அபயதானத்தோடு பொருத்தி விளக்கியுள்ளார். அப்புகலிடங்கள் இன்று இல்லை; அஞ்சுவோர் மட்டும் எவ்வீட்டிலும் உளர். தொலைவில் ஓர் ஊர் இடிந்தது என்று செய்தி வருகின்றது. அவ்வூரில் பிள்ளையை விட்டிருக்கும் பெற்றோர் நம் அண்டை வீட்டில் இருக்கின்றனர். அவர்கட்கு நாம் என்ன சொல்வது? அவர்களோடு எவ்வாறு அமர்ந்து அருகப் பெருமானை நினைப்பது? இவ்விரண்டுமே இப்பாடத்தின் பொருள்.

நூலில் கற்றதைவிட இதனை யான் பிழை செய்தே கற்றேன். ஆதலின் அப்பிழையையே முதலில் உரைக்கின்றேன்.

2001ஆம் ஆண்டு சனவரி 26, வெள்ளிக்கிழமை. மதுரைக் காளவாசலில் எங்கள் வீட்டிற்கு அடுத்த வீட்டார், வந்தவாசிப் பக்கத்திலிருந்து பணியின் பொருட்டு வந்து தங்கிய நம் சமயத்தார். அவர்தம் மூத்த மகன் அகமதாபாத்தில் ஒரு துணி ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்த்து வந்தான். குடியரசு நாள் அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் கண்டுகொண்டிருந்தோம். காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் நிலம் நடுங்கிற்று என்பது சற்றுப் பின்னரே தெரிந்தது. பூஜ், பச்சாவ், அஞ்சார் என்று நாம் அதுவரை கேட்டிராத ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அஞ்சாரில் குடியரசு நாள் ஊர்வலம் சென்ற பள்ளிச் சிறார்கள் மீது குறுகிய தெருவின் இருபுறத்துக் கட்டடங்களும் சரிந்தன. மாண்டோர் ஏறத்தாழ 20,000 பேர் என்பது பின்னர் அறிந்த கணக்கு.

அத்தாயார் எங்கள் வீட்டு வாயிலில் வந்து நின்றார். வாய் திறவாமல் என் முகத்தையே பார்த்தார். யான் உடனே, "அம்மா, அஞ்ச வேண்டா. அகமதாபாத் அவ்விடத்திலிருந்து வெகு தொலைவு. தம்பிக்கு ஒன்றும் நேர்ந்திராது" என்றேன். தொலைவு என்றது மெய்யே. இரு நகர்கட்கும் இடையே 200 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. ஒன்றும் நேர்ந்திராது என்றது யான் அறியாதது. பின்னர் அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் என்ற செய்தி வந்தது. அத்தாயார் மீண்டும் என்னை ஒருமுறை நோக்கினார். அதன்பின் யான் கூறிய எதனையும் அவர் செவிக்கொள்ளவில்லை.

அவ்வீட்டுப் பாட்டியார் என்னைத் தனியே அழைத்தார். "தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லிவிட்டாய், அப்பா. இனித் தெரிந்ததைச் சொன்னாலும் அவள் நெஞ்சில் ஏறாது" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, ஆயினும் இன்றளவும் மறக்க இயலவில்லை.

வாய்மை விரதத்தை நாம் வாணிகத்தோடும் வழக்காடலோடும் சேர்த்தே எண்ணுகின்றோம். ஆறுதல் உரைக்கும் பொழுதில் அதற்கு விடுமுறை அளித்து விடுகின்றோம். பிறர் துயர் தணியச் சொல்லும் பொய் தீதன்று என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி விட்டது. அஞ்சியவன் உண்மையில் கேட்பது நற்செய்தியை அன்று. நம்பத் தக்க ஒருவரை. "எனக்குத் தெரியாது அம்மா, ஆனால் தெரியும் வரையில் யான் உம்மோடு இருப்பேன், தொலைபேசி நிலையத்திற்கு மணிக்கொருமுறை யானே சென்று வருவேன்" என்று அன்று யான் கூறியிருத்தல் வேண்டும். அதில் பொய் இல்லை, அபயமும் உண்டு.

மாலையில் வேறொருவர் வந்தார். நல்லவர்தாம், நூல்களும் கற்றவர். அமர்ந்தவுடன், "எல்லாம் அவரவர் வினைப்பயன். அவ்வூரார் ஒருங்கே செய்த வினை ஒருங்கே உதயத்திற்கு வந்தது" என்று விளக்கத் தொடங்கினார். தாயார் எழுந்து உள்ளே சென்று விட்டார்.

இங்கே சிறிது நின்று நூலை நோக்குவோம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், அசாதா வேதனீயம் என்னும் துன்பவினை எவ்வாறு உயிரிடம் வந்து சேர்கிறது என்று கூறுகின்றார். துன்பம், சோகம், உள்ளக் கொதிப்பு, கதறல், கொலை, பிறர் இரங்கும்படி புலம்பல் ஆகியவற்றைத் தன்னிடத்தோ பிறரிடத்தோ இருவரிடத்துமோ உண்டாக்குதலே அதற்கு வாயில். பிறரிடத்து உண்டாக்குதல் என்ற சொல்லைக் கவனித்தல் வேண்டும். செய்திக்காக ஏங்கியிருக்கும் ஒரு தாயின் முன்னர் வினைக்கணக்கை விரிப்பவர், அவ்வினை தம்மிடம் வரும் வாயிலைத் தாமே திறக்கின்றார். அடுத்த சூத்திரம் இன்பவினைக்கு வாயில் கூறும்போது, உயிர்களிடத்தும் விரதியரிடத்தும் கொள்ளும் இரக்கத்தையே முதலில் வைக்கின்றது.

வினைப்பயனை ஆராய்தல் தருமத் தியானத்தின் ஒரு கூறு என்பது உண்மையே. விபாக விசயம் என்று அதற்குப் பெயர். அது தன் நெஞ்சைத் தான் திருத்துதற்கு உரியது. பிறர் வீட்டு இழவில் தீர்ப்புரைக்க அதனைக் கருவியாக்குதல் முறையன்று. அநித்திய பாவனையும் அத்தகையதே. தானே உண்டால் மருந்து. பிறர் வாயில் திணித்தால் நஞ்சு என்றே யான் கருதுகின்றேன். அழுவதே பாவம் என்று சிலர் அச்சூத்திரத்திற்குப் பொருள் கூறி அடக்குவதுண்டு. அன்று அழுத அத்தாயைப் பாவி என்று உரைக்க எனக்கு நா எழவில்லை, இன்றும் எழாது.

வேறு சமயத்து நண்பர் ஒருவர், தெய்வம் சினந்தது என்றார். நம் திருவறத்தில் உலகைப் படைத்தவரும் இல்லை, சினந்து அழிப்பவரும் இல்லை. கட்ச் நிலம் நெடுங்காலமாகவே நடுங்கும் நிலம். 1819ஆம் ஆண்டு சூன் 16 அன்று நேர்ந்த நடுக்கத்தில் அங்கே தரை மேலெழுந்து, அல்லா பந்து என்று இன்றும் வழங்கும் நீண்ட மேடு உண்டாயிற்று. பூமிக்கடியில் பாறைகள் நெருக்குண்டு, தாங்க இயலா எல்லையில் வழுகின்றன. மேலே உறுதியின்றிக் கட்டிய சுவர் வீழ்கின்றது. சினந்த தெய்வத்தை மனத்தினின்று நீக்கினால், 'நாம் என்ன குற்றம் செய்தோம்' என்னும் பாதி அச்சமும் நீங்கி விடுகின்றது.

பொழுது சாயத் தொடங்கிற்று. காலையிலிருந்து அத்தாயார் உணவு கொள்ளவில்லை. பொழுது சாய்ந்தபின் உண்ணும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை. பாட்டியார் சோறு பிசைந்து எடுத்து வந்தார். "இன்று உபவாசமாக இருந்து விடுகிறேன், அத்தை" என்றார் மருமகள். "உபவாசம் அறிந்து ஏற்பது. இது ஏக்கத்தால் வந்த பட்டினி. ஏக்கத்திற்கு விரதம் என்று பெயர் வைக்காதே, உண்டுவிட்டு என்னோடு வந்து அமர்" என்றார் பாட்டியார். ஆர்த்தத் தியானம் நான்கனுள் அன்புடையாரைப் பிரிந்து ஏங்குதல் ஒன்று என்பதைப் பாடமாகப் பலமுறை படித்திருக்கிறேன். அது விரதத்தின் உடை உடுத்தும் வரும் என்பதை அக்கிழவியாரிடமே கற்றேன்.

பின்னர் அமர்ந்தோம். அவ்வீட்டார் ஐவர், எங்கள் வீட்டார் மூவர். நாழிகை இரண்டு, அதாவது 48 நிமிடம், சாமாயிகம். முதலில் அசையாமல் இருந்து காயோற்சர்க்கம். ஒரு பஞ்ச நமஸ்காரத்திற்கு மூன்று மூச்சாக, ஒன்பது முறைக்கு 27 மூச்சு. இக்கணக்கு ஏன் என்று சிறுவர் வினவுவதுண்டு. அஞ்சியவனின் மூச்சு குறுகி விரைந்தோடும். மந்திரத்தை மூச்சோடு பிணைத்துச் சொல்லும்போது மூச்சு நீள்கின்றது. மூச்சு நீளவே நெஞ்சு அடங்குகின்றது. ஒருவர் தடுமாறின் அருகிருப்பவர் குரல் தாங்கிக் கொள்ளும். கூடி அமர்வதன் பயன் அதுவே. அன்று முதல் மூன்று முறையில் அத்தாயாரின் குரல் கேட்கவேயில்லை. ஏழாம் முறையில் கேட்டது.

பஞ்ச நமஸ்காரத்தில் வேண்டுதல் ஒன்றும் இல்லை என்பதை நாம் அறிவோம். என் மகனைக் காப்பாற்று என்று அருகரையோ சித்தரையோ கேட்பதற்கில்லை. அவர் விருப்பு வெறுப்பு அற்றவர். பின் எதற்கு வழிபாடு என்று அவ்வீட்டு இளைய மகள் அன்றே வினவினாள். அஞ்சாமை முற்றிய ஐவகைப் பெரியோரை நினைக்கும் நேரத்தில் நம்மிடத்தும் சிறிது அஞ்சாமை எழுகின்றது என்று யான் விடை கூறினேன். அவள் முழுதும் நிறைவுற்றதாகத் தோன்றவில்லை. தன் அண்ணனுக்காக எதனையேனும் கேட்க வேண்டும் என்று பதினான்கு வயதுப் பெண் விழைவது இயல்பே. பாட்டியார், "கேட்கத்தான் வேண்டுமென்றால் எல்லா உயிரும் நலமாகுக என்று நினை, அந்த எல்லாவற்றுள் அவனும் உண்டு" என்றார். எல்லா உயிரிடத்தும் நட்பு, குணம் மிக்காரிடத்து உவகை, துன்புறுவாரிடத்து இரக்கம், திருந்தாதாரிடத்து நடுநிலை என்று சூத்திரம் கூறும் நான்கு பாவனைகளுள் முதலும் மூன்றும் அவர் சொல்லில் அடங்கின.

மறுநாள் சனிக்கிழமை இரவு, மும்பையில் இருந்த அவன் நண்பன் வாயிலாகச் செய்தி வந்தது. அவன் நலம், வீட்டுச் சுவர் வெடித்தமையாலும் பின்னதிர்வுக்கு அஞ்சியும் மைதானத்தில் படுத்திருக்கின்றான். வீடு முழுதும் அழுகையும் சிரிப்புமாயிற்று. சற்று ஆறியபின் பாட்டியார் முன்போல் தம் இடத்தில் சென்று அமர்ந்தார். "செய்திதான் வந்துவிட்டதே, பாட்டி" என்றாள் பெண். "நம் வீட்டுக்கு வந்தது. வராத வீடுகள் எத்தனையோ" என்றார் அவர்.

உண்மையைக் கூறின், அன்றிரவு எனக்கு அமர மனம் இல்லை. கவலை தீர்ந்தவுடன் வழிபாட்டின் தேவையும் தீர்ந்தது போலத் தோன்றிற்று. முதல் நாள் நாம் செய்தது வழிபாடா, கவலையா என்ற ஐயம் அப்போதுதான் எனக்கு எழுந்தது. மனமின்றியே அமர்ந்தேன்.

ஞாயிறன்று இரு குடும்பமும் தேனி சாலை வழியே நாகமலை புதுக்கோட்டை சென்று, கீழக்குயில்குடிச் சமணர் மலையில் ஏறினோம். பேச்சிப்பள்ளத்துப் பாறையில் வரிசையாக அமைந்த திருமேனிகளின் முன் இருந்தோம். அச்சணந்தி முனிவரின் தாயாராகிய குணமதியார் திருமேனி ஒன்று செய்வித்ததை அம்மலையின் வட்டெழுத்துக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. மகன் துறந்து சென்றபின் ஒரு தாய் கல்லில் விட்டுச்சென்ற பெயர் அது. அதனை விளக்கியபோது நம் தாயார் அவ்வெழுத்துகளை நெடுநேரம் நோக்கியிருந்தார்.

இரங்கியதோடு நில்லாமல் இரு வீட்டாரும் கையிலிருந்த பணமும் போர்வைகளும் திரட்டி, நிவாரணப் பொருள் அனுப்புவோரிடம் சேர்த்தோம். சிறிதே, ஆயினும் இரக்கம் கைக்கு வருதல் வேண்டும். 1993 செப்டம்பர் 30 விடியுமுன் மராட்டியத்து லாத்தூர்ப் பகுதியில் நிலம் நடுங்கியபோது, பாரதீய ஜைன் சங்கடனா அமைப்பினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவரைப் புனேவிற்கு அழைத்துச் சென்று கல்வி அளித்தனர். உணவும் நூலும் அபயமும் ஒருங்கே அமைந்த தானம் அது. நம் மதுரையிலும், சௌராட்டிரத்தைத் தம் முன்னோர் நாடாகக் கொண்ட மக்கள் பெருந்தொகையினர் உளர். நூற்றாண்டுகட்கு முன் நீங்கிய மண்ணாயினும், அங்கே நடுங்கியது என்றவுடன் அவர்தம் தெருக்களில் அன்று பேச்சு வேறொன்றும் இருக்கவில்லை.

இந்நாளில் எல்லோர் கையிலும் தொலைபேசி உண்டு. செய்தி வராமை குறைந்தது, பொய்ச்செய்தி மிகுந்தது. எந்நாட்டிலோ எவ்வாண்டிலோ இடிந்த கட்டடத்தின் படம், இன்று இடிந்ததாக வந்து சேர்கின்றது. அதனை மற்றவர்க்கு அனுப்புமுன் மேற்கூறிய ஆறாம் அத்தியாயத்தை நினைத்தல் நலம். இடர் நேர்ந்த ஊரில் உள்ளவரை ஓயாது அழைத்தலும் தகாது. இணைப்புகள் நெருக்குண்டிருக்கும் அந்நேரத்தில், இடிபாட்டினடியில் இருப்பவனின் அழைப்புக்கு நாமே தடையாதல் கூடும். குடும்பத்தில் ஒருவர் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, விடை வந்தவுடன் மற்றவர்க்குத் தெரிவித்தல் போதும். குழந்தைகளை எந்நேரமும் தொலைக்காட்சி முன் விடலாகாது. அவர் வினவினால் வினவிய அளவிற்கு மெய்யே கூறுக.

பிறகு முறை மாறிற்று. 2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு ஞாயிறு. ஆழிப்பேரலை தமிழகக் கரையில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேர்க்கு மேல். அன்று நண்பகல் அகமதாபாத்திலிருந்து அம்மகன் அழைத்தான். "அம்மா, கடல் வந்துவிட்டதா?" என்றான். மதுரையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் காளவாசலில் கடல் இல்லை என்பது தெரியாததன்று. அச்சம் ஊர்ப்படத்தைச் சுருக்கி விடுகின்றது. அவ்வேளை யான் அங்கிருந்தேன். பாட்டியார் அப்போது இல்லை. முந்தைய ஆண்டே மறைந்து விட்டார்.

தாயார் சொன்னார்: "இங்கே நாங்கள் எல்லோரும் நலம், அப்பா. நாகப்பட்டினம் பக்கம் என்ன ஆயிற்று என்று முழுதும் தெரியவில்லை, தெரிந்ததும் சொல்கிறேன். நீ உண்டாயா? உண்டுவிட்டு, மாலை ஆறு மணிக்கு அங்கே அமர். நாங்களும் இங்கே அமர்கிறோம்."