ஊசி எந்த வழியாய்ச் செல்ல வேண்டும்?



பெரிய அறுவை சிகிச்சையில் கையில் ஏற்றும் டிரிப் மட்டும் போதாமற்போவதுண்டு. அப்போது இருதயத்தை நோக்கிச் செல்லும் பெரிய சிரைக்குள் மெல்லிய குழாயொன்றைச் செலுத்துகிறோம். இதுவே சென்ட்ரல் லைன். 1953-ல் ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் விவரித்த முறையே இன்றும் உண்டு: முதலில் ஊசி, ஊசிக்குள் கம்பி, பின்பு ஊசியை உருவிவிட்டுக் கம்பியின்மேல் குழாய்.

எங்கே குத்துவது? கழுத்திலா, காறை எலும்பின் கீழா, தொடை இடுக்கிலா? பிரான்சில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மூவாயிரத்துக்கும் அதிகமானோரிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. காறை எலும்பின் கீழ் வைத்தபோது கிருமித் தொற்றும் இரத்தக் கட்டும் குறைவு. ஆனால் ஊசி நுரையீரலைத் தொட்டுக் காற்றுக் கசிந்து, நெஞ்சில் குழாய் வைக்க நேர்ந்தது 1.5 சதவீதம், கழுத்தில் 0.5 சதவீதமே. ஆகவே நோயாளியைப் பார்த்தே இடத்தைத் தீர்மானிக்கிறோம்.

கழுத்தில் சிரையும் தமனியும் அருகருகே உள்ளன. முன்னே விரலால் தடவி, மதிப்பிட்டுக் குத்தினோம். இப்போது அல்ட்ராசவுண்ட் திரையில் சிரையைக் கண்டே குத்தலாம். 35 ஆய்வுகளைத் தொகுத்த 2015-ம் ஆண்டு காக்ரேன் அறிக்கையின்படி, தவறித் தமனியில் குத்துவது இதனால் 72 சதவீதம் குறைந்தது.

கருவி மட்டும் போதாது. அமெரிக்காவின் மிச்சிகனில் கை கழுவுதல், குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், நோயாளியைக் கிருமி நீக்கிய துணியால் முழுதும் மூடுதல், தொடை இடுக்கைத் தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் குழாயை எடுத்தல் ஆகிய ஐந்தையும் தவறாமல் செய்தபோது தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததாக 2006-ல் அறிவித்தனர்.

ஆகவே ஸ்கேன் கருவிக்கு உதவ நினைக்கும்போது, கையுறையையும் கிருமிநாசினியையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.