கம்ப்ரசர் காற்றில் ஒளிந்திருக்கும் 30 லிட்டர் தண்ணீர்: ரெஃப்ரிஜிரேட்டட் ஏர் ட்ரையரை நிறுவுவதும் பராமரிப்பதும்



சைக்ரோமெட்ரிக் சார்ட் வரைஞ்சு மார்க் வாங்காத மெக்கானிக்கல் மாணவர் யாரும் நம்ம டிபார்ட்மெண்ட்ல இருக்க மாட்டாங்க. ஆனா அந்த சார்ட் ஒரு பட்டறையில எங்கே வேலைக்கு வருதுன்னு கேட்டா? போன ஜூன் மாதம் வரைக்கும் எனக்கும் தெரியாது. அம்பத்தூர் பக்கம் ஒரு சின்ன பவுடர் கோட்டிங் பட்டறையில் பயிற்சிக்குப் போனேன். அங்கே நான் செய்த ஒரு தப்பால் வேறொருவர் சம்பளம் போகப் பார்த்தது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

காற்றுக்குள் எவ்வளவு தண்ணீர்?

35 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 40 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அதில் இருப்பது சுமார் 28 கிராம். சென்னையில் இது சாதாரண நாள்தான்.

இப்போ அந்தக் காற்றை 7 பார் கேஜ் அழுத்தத்துக்கு அழுத்துகிறோம். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் 8 பார். அதாவது 8 கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1 கன மீட்டருக்குள் அடங்கும். காற்று சுருங்கும், ஆனால் அதிலிருந்த தண்ணீர் எங்கேயும் போகாது. 8 கன மீட்டரில் இருந்த 220 கிராமும் இப்போ அந்த ஒரு கன மீட்டருக்குள்ளே இருக்கிறது. ஆஃப்டர் கூலரைத் தாண்டி 45 டிகிரியில் வரும் காற்று தாங்கக்கூடியது கன மீட்டருக்கு 65 கிராம்தான். மீதி தண்ணீராகக் கொட்டிவிடும். ரிசீவர் டேங்க் அடியில் ட்ரெயினைத் திறந்தால் புஸ்ஸுன்னு தண்ணி வருவது இதனால்தான்.

20 குதிரைத்திறன் ஸ்க்ரூ கம்ப்ரசர் ஒன்று, 80 சி.எஃப்.எம். காற்று தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரம் முழு லோடில் ஓடினால்:

- உள்ளே இழுக்கும் நீர்: சுமார் 30 லிட்டர்
- ஆஃப்டர் கூலரிலும் டேங்கிலும் பிரிவது: சுமார் 21 லிட்டர்
- டேங்கைத் தாண்டி ஆவியாகவே போவது: சுமார் 9 லிட்டர்

டேங்க்ல ட்ரெயின் பண்றோமே, போதாதான்னு கேட்டால், போதாது. அந்த 9 லிட்டர் ஆவி, பைப்லைனில் போகப் போக ஆறி, தண்ணீராக மாறும். பைப்பில் துரு, சிலிண்டர் சீல் தேய்வு, சொலினாய்டு வால்வு சிக்கிக்கொள்வது, பெயிண்டில் கொப்புளம் எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

ட்ரையர் என்ன செய்கிறது?

வீட்டு ஃபிரிட்ஜ் தத்துவம்தான். காற்றை 3 டிகிரி வரை குளிர வைத்து, அதிலுள்ள ஆவியைத் தண்ணீராக்கி, பிரித்து வெளியே தள்ளுகிறது. காற்று போகும் வழி இது:

1. முதலில் ஏர்-டு-ஏர் எக்ஸ்சேஞ்சர். உள்ளே வரும் சூடான காற்றும், வெளியே போகும் குளிர்ந்த காற்றும் இங்கே வெப்பத்தை மாற்றிக்கொள்கின்றன. வருவது கொஞ்சம் ஆறும், போவது கொஞ்சம் சூடாகும்.
2. அடுத்து எவேப்பரேட்டர். ஆர்-134ஏ, ஆர்-407சி போன்ற குளிரூட்டி இங்கே ஆவியாகி, காற்றின் வெப்பத்தை உறிஞ்சும்.
3. பிறகு செப்பரேட்டர். குளிர்ந்ததில் உருவான துளிகள் இங்கே பிரியும்.
4. கடைசியாக ஆட்டோ ட்ரெயின். சேர்ந்த தண்ணீர் இது வழியாக வெளியேறும்.

3 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்குவது 6 கிராம்தான். நம் உதாரணத்தில் டேங்கைத் தாண்டிய 9 லிட்டரில் எட்டு லிட்டருக்கு மேல் இங்கே பிரிந்துவிடும். மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, கதையில் வரும்.

இந்த 3 டிகிரிதான் அழுத்தப் பனிநிலை. பைப்லைன் அதற்குக் கீழே குளிராத வரை தண்ணீர் மறுபடி உருவாகாது. ஐ.எஸ்.ஓ. 8573-1 தரத்தில் இது ஈரப்பதத்துக்கான 4ஆம் வகுப்பு. இன்னும் கீழே ஏன் போகக்கூடாது? பூஜ்ஜியத்தைத் தொட்டால் எவேப்பரேட்டருக்குள் பனி கட்டி, காற்றுப் பாதை அடைத்துவிடும். லோடு குறையும்போது அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது ஹாட் கேஸ் பைபாஸ் வால்வு. மைனஸ் 40 டிகிரி பனிநிலை தேவைப்படும் இடத்தில் இந்த வகை சரிவராது, டெசிகன்ட் ட்ரையர்தான் வேண்டும்.

எந்த அளவு வாங்குவது?

பலர் சறுக்கும் இடம் இதுதான். கேட்டலாக்கில் 100 சி.எஃப்.எம். என்று போட்டிருந்தால், அது எந்த நிலையில் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் 7 பார் அழுத்தம், 35 டிகிரி உள்வரும் காற்று, 25 டிகிரி சுற்றுப்புறம் என்று இருக்கும். நம்ம ஊர் கம்ப்ரசர் ரூமில் 25 டிகிரியா? மார்கழி விடியற்காலையில வேணா பார்க்கலாம்.

உள்வரும் காற்று 35லிருந்து 45 டிகிரி ஆனால், அது சுமக்கும் ஈரம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. அந்தச் சுமை முழுக்க ட்ரையர் தலையில்தான். அதனால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் திருத்தக் காரணி அட்டவணை கொடுப்பார்கள். கணக்குக்காக, 45 டிகிரி உள்காற்றுக்கு 0.7, 40 டிகிரி சுற்றுப்புறத்துக்கு 0.85 என்று எடுத்துக்கொள்வோம். 80 சி.எஃப்.எம். தேவைக்கு:

80 ÷ (0.7 × 0.85) = சுமார் 134 சி.எஃப்.எம்.

ஆக 80க்கு 80 வாங்கினால் கோடையில் அது தண்ணீர் விட்டுவிடும். 134க்கு அடுத்த பெரிய மாடல் எதுவோ, அதுதான் சரி.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

*வரிசை:* கம்ப்ரசர், ஆஃப்டர் கூலர், ரிசீவர் டேங்க், ப்ரீ ஃபில்டர், ட்ரையர், ஃபைன் ஃபில்டர், அதன் பிறகு லைன். டேங்க் ட்ரையருக்கு முன்னால் இருந்தால் காற்று இன்னும் கொஞ்சம் ஆறி, தண்ணீர் அங்கேயே பிரியும். ட்ரையர் சுமை குறையும்.

*இடம்:* சமதளத் தரை, நல்ல காற்றோட்டம். கம்ப்ரசரின் சூடான காற்று நேராக ட்ரையர் கண்டென்சர் மேல் அடிக்கக் கூடாது. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மேனுவலில் சொன்ன இடைவெளி நான்கு பக்கமும் வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு சுத்தம் செய்யக் கையே நுழையாது.

*பைபாஸ்:* உள் வால்வு, வெளி வால்வு, பைபாஸ் வால்வு என மூன்று கட்டாயம். இருந்தால்தான் ட்ரையர் பழுதானாலும் உற்பத்தி நிற்காது. ஆனால் வேலை முடிந்ததும் பைபாஸை முழுசாக மூடணும். பாதி திறந்திருந்தால் ஈரக் காற்று நேராக லைனுக்குப் போய்விடும்.

*பைப்:* பைப் எடை ட்ரையர் இணைப்பில் தொங்கக் கூடாது, தனியாக சப்போர்ட் கொடுங்கள். கம்ப்ரசர் அதிர்வு வந்து சேராமல் இருக்க ஃப்ளெக்சிபிள் ஹோஸ் போடுங்கள். மெயின் லைனிலிருந்து கிளை எடுக்கும்போது மேல் பக்கமாக எடுத்து வளைத்து இறக்குங்கள்.

*ட்ரெயின்:* டேங்க், ஃபில்டர், ட்ரையர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ட்ரெயின் குழாய். எல்லாவற்றையும் ஒரே மெல்லிய குழாயில் சேர்த்தால் ஒன்றின் அழுத்தம் இன்னொன்றை அடைக்கும். ஆயில் போட்டு ஓடும் கம்ப்ரசர் என்றால் இந்தத் தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கும். சாக்கடையில் நேராக விடாமல் ஆயில்-வாட்டர் செப்பரேட்டர் வழியாக விட வேண்டும்.

*மின்சாரம்:* சரியான வோல்டேஜ், எர்த்திங், தனி பிரேக்கர். த்ரீ ஃபேஸ் மாடல் என்றால் ஃபேன் சுற்றும் திசையையும் பார்க்கணும்.

முதல் முறை ஓட்டுவது

வண்டியில் படுக்க வைத்துக் கொண்டு வந்திருந்தால் உடனே ஸ்விட்ச் போடாதீர்கள். நேராக நிறுத்தி, மேனுவல் சொன்ன நேரம் காத்திருங்கள். அப்போதுதான் குளிரூட்டிக் கம்ப்ரசரின் ஆயில் தன் இடத்துக்குத் திரும்பும். பிறகு:

1. காற்று விடாமல் ட்ரையரை மட்டும் ஆன் செய்யுங்கள்.
2. பத்து நிமிடம் போல விட்டு, டிஸ்ப்ளே பச்சைப் பகுதிக்கு வருகிறதா பாருங்கள்.
3. உள் வால்வை மெதுவாகத் திறங்கள். சட்டென்று திறந்தால் அழுத்த அடி எக்ஸ்சேஞ்சரையும் ஃபில்டரையும் கெடுக்கும்.
4. வெளி வால்வைத் திறங்கள், பிறகு பைபாஸை மூடுங்கள்.
5. ட்ரெயின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, தண்ணீர் வருகிறதா பாருங்கள்.

ஆஃப் செய்த உடனே ஆன் செய்வது கூடாது. குளிரூட்டியின் இருபக்க அழுத்தமும் சமமாகச் சில நிமிடம் வேண்டும்.

பராமரிப்பு அட்டவணை

- *தினமும்:* டிஸ்ப்ளே வெப்பநிலையைக் குறித்துவைத்தல், ட்ரெயின் டெஸ்ட் பட்டன்.
- *வாரம் ஒருமுறை:* கண்டென்சர் துடுப்புகளில் தூசி பார்த்தல். குறைந்த அழுத்தக் காற்றால், ஃபேன் காற்று வரும் திசைக்கு எதிராக ஊதணும். துடுப்பு வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- *மாதம் ஒருமுறை:* ட்ரெயினுக்கு முன்னால் உள்ள ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவுதல். டேங்க் துரு வந்து அடைப்பது இங்கேதான்.
- *வருடம் ஒருமுறை:* ஃபில்டர் எலிமெண்ட் மாற்றுதல், மின் இணைப்புகளை இறுக்குதல். ஃபில்டரில் அழுத்த இழப்பு கூடினால் வருடம் வரை காத்திருக்காதீர்கள். ஒரு பார் அழுத்தம் கூடுதலாகத் தர கம்ப்ரசர் சுமார் 7 சதவீதம் அதிக மின்சாரம் எடுக்கும்.

எதைக் கழற்றுவதானாலும் முதலில் வால்வுகளை மூடி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை முழுசாக வெளியேற்றி, மின்சாரத்தைத் துண்டியுங்கள். குளிரூட்டிப் பக்கத்தில் நாம் கை வைக்கக் கூடாது, அது பயிற்சி பெற்ற டெக்னீஷியன் வேலை. ஹாட் கேஸ் வால்வைத் திருகிப் பார்க்கும் ஆர்வமும் வேண்டாம்.

லைனில் தண்ணீர் வந்தால்?

இந்த வரிசையில் தேடுங்கள்: ட்ரெயின் வேலை செய்கிறதா? பைபாஸ் மூடியிருக்கிறதா? உள்வரும் காற்று அளவுக்கு மேல் சூடா? கண்டென்சர் அழுக்கா, ஃபேன் சுற்றுகிறதா? ட்ரையர் கொள்ளளவுக்கு மேல் காற்று போகிறதா? இவ்வளவும் சரி என்றால் மட்டும் கேஸ் கசிவைச் சந்தேகப்படுங்கள். பலர் தலைகீழாகத் தேடி, முதல் வேலையாக கேஸ் நிரப்பக் காசு கொடுத்துவிடுகிறார்கள்.

இப்போ என் கதை

பயிற்சியின் மூன்றாவது வாரம். காலை பத்து மணிக்கு ட்ரையர் பக்கத்தில் நின்று ரீடிங் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து போன். டைமர் ட்ரெயின் சில நிமிடத்துக்கு ஒருமுறை புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் போட்டது. காது கேட்கலையேன்னு ட்ரெயினுக்கு முன்னால் இருந்த பால் வால்வை மூடினேன். பேசி முடித்தேன். திறக்க மறந்து போனேன்.

மதியத்துக்கு மேல் பவுடர் கன் துப்ப ஆரம்பித்தது. பவுடர் கட்டி கட்டியாக விழுந்தது. சுட்டு எடுத்த பீஸ்களில் எல்லாம் ஊசிக் குத்து போல ஓட்டைகள். சூப்பர்வைசர் கன் பிடித்த அண்ணனைத்தான் திட்டினார். "உன் கை சரியில்ல. ரீவொர்க் கூலிய உன் சம்பளத்துலதான் புடிப்பேன்" என்றார். அந்த அண்ணன், "காத்துல தண்ணி வருது சார்" என்று சொல்லிப் பார்த்தார். "ட்ரையர் பச்சை காட்டுதேப்பா, 4 டிகிரி" என்று பதில் வந்தது. அந்த 4 டிகிரியை நோட்டில் எழுதி வைத்ததே நான்தான். அதுதான் அவருக்கு எதிரான சாட்சி ஆனது.

மறுநாள் காலை மெயின்டனன்ஸ் பார்க்கும் பெரியவர் வந்தார். டிஸ்ப்ளேயைப் பார்க்கவே இல்லை. நேராகக் குனிந்து ட்ரெயின் குழாயைத் தொட்டார். காய்ந்திருந்தது. பால் வால்வைத் திறந்ததும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

"பச்சை காட்டுச்சே ஐயா" என்றேன்.

"தம்பி, உள்ள சில்லுன்னு இருக்குன்னுதான் அது சொல்லுது. தண்ணி வெளிய போச்சான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மணிக்கு ஒரு லிட்டர் என்று சொன்னேன் அல்லவா? செப்பரேட்டர் நிறைய அதிக நேரம் ஆகாது. அதன் பிறகு பிரிந்த தண்ணீரையே காற்று திரும்ப அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

சூப்பர்வைசரிடம் போய், வால்வை மூடியது நான்தான் என்று சொன்னேன். சொல்லும்போது கை நடுங்கியது உண்மை. பத்து நிமிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அந்த அண்ணன் சம்பளத்தில் பிடிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க ரீவொர்க் பீஸ்களைத் தேய்க்கும் வேலையில் நானும் உட்கார்ந்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, டீ வந்தபோது எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்து நீட்டினார்.

இப்போது என் லாக் ஷீட்டில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: "ட்ரெயினில் தண்ணீர் வந்ததா? கண்ணால் பார்த்தேனா?" நீங்கள் பயிற்சிக்குப் போகும் இடத்தில் ட்ரையர் இருந்தால் இந்தக் கட்டத்தையும் சேர்த்துக்கோங்க. நம்ம கல்லூரி ஒர்க்‌ஷாப் கம்ப்ரசர் டேங்க் ட்ரெயினையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எவ்வளவு தண்ணீர் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் சேர்ந்து கணக்குப் போடுவோம்.